லினக்ஸ்ல கேம் விளையாட ஜிடிஎக்ஸ் 1060-க்கு அடுத்து எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

உங்க செட்டப்பை முதல்ல இங்கயே எழுதிடறேன், பின்னாடி படிக்கறவங்களுக்கும் உதவும். ரைசன் 5 3600, பி450 போர்டு, 16 ஜிபி ராம், 550 வாட் பவர் சப்ளை, 1080பி 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், லினக்ஸ் மின்ட், இப்போதைக்கு ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி. விண்டோஸ் திரும்பப் போட மாட்டேன், வாங்கினா அஞ்சாறு வருஷம் ஓடணும்னு சொல்லி, என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060-ஆ ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யான்னு கேட்டிருக்கீங்க.

ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி வாங்குங்க, 16 ஜிபி மாடலா பாத்து வாங்குங்க. அதே பேர்லயே 8 ஜிபி ஒண்ணும் விக்கறாங்க, அதனால பெட்டி மேல என்ன போட்டிருக்குன்னு பாக்காம காசு குடுக்காதீங்க. நானும் இதே கார்டுதான் வச்சிருக்கேன். யூடியூப் ரிவ்யூல வர்ற எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை பிரேம்) கிராஃப் பெரும்பாலும் விண்டோஸ்ல எடுத்தது, அதை வச்சு லினக்ஸ்ல முடிவெடுக்க முடியாது, அதான் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

உங்க கார்டையே எடுத்துக்கோங்க. 1060 வந்தது 2016 ஜூலைல. அதுக்கு சில வாரம் முன்னாடிதான் ஏஎம்டி ஆர்எக்ஸ் 480 வந்துச்சு, ரெண்டும் அன்னிக்கு நேருக்கு நேர் போட்டி. இன்னிக்கு லினக்ஸ்ல ரெண்டும் எங்க நிக்குதுன்னு பாருங்க. என்விடியா 580 டிரைவர் வரிசையோட மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறை கார்டுங்களுக்கு (உங்க 1060 பாஸ்கல்தான்) சப்போர்ட்டை நிறுத்திடுச்சு, 2025 டிசம்பர்ல வந்த 590-ல உங்க 1060-க்கு இடமே கிடையாது. ஆர்ச் லினக்ஸ்ல அந்த 590 மெயின் ரெப்போவுக்கு (அதிகாரப்பூர்வ பேக்கேஜ் கிடங்கு) வந்தப்ப பழைய கார்டு வச்சிருந்தவங்க ஏயூஆர்ல (பயனருங்களே நடத்தற பேக்கேஜ் கிடங்கு) போயி 580-ஐ தனியா எடுத்துப் போட்டுக்க வேண்டியதாச்சு. மின்ட்ல உங்களுக்கு உடனே ஒண்ணும் ஆகிடாது, ஆனா இனிமே அந்த கார்டுக்கு புதுசா எதுவும் வரப்போறதும் இல்ல. ஆர்எக்ஸ் 480-க்கு அந்தப் பிரச்சினையே இல்ல, கெர்னல்ல (லினக்ஸோட மையப் பகுதி) ஏஎம்டிஜிபியு டிரைவர் இருக்கு, மெசாங்கற ஓப்பன் சோர்ஸ் கிராபிக்ஸ் தொகுப்புல ஆர்ஏடிவி-ங்கற வல்கன் டிரைவர் இருக்கு (வல்கன்னா கேம் கார்டுகிட்ட பேசற வழி), டிஸ்ட்ரோ அப்டேட் போடும்போது அதுவும் கூடவே புதுசாயிடுது.

இன்னும் பழசு வேணுமா, 2012-ல வந்த ஏஎம்டியோட எச்டி 7970. கெர்னல் 6.19-ல அந்தக் காலத்து கார்டுங்களைக்கூட பழைய ரேடியான் டிரைவர்ல இருந்து ஏஎம்டிஜிபியு-க்கு மாத்தி விட்டுட்டாங்க, அந்த வேலையை உக்காந்து செஞ்சது ஏஎம்டி ஆளுங்க கூட இல்ல, ஸ்டீம் நடத்தற வால்வு கம்பெனிக்காக வேலை பாக்கறவர். ஆர்ஏடிவி-யே வெளியில இருந்தவங்க ஆரம்பிச்சதுதான், கடைசில 2025-ல ஏஎம்டி தன்னோட சொந்த வல்கன் டிரைவரான ஏஎம்டிவிஎல்கே-வை மூட்டை கட்டி வச்சிட்டு ஆர்ஏடிவி பக்கம் வந்துடுச்சு. கார்டு பண்ண கம்பெனிக்கே அக்கறை விட்டுப் போனாலும் சோர்ஸ் திறந்து கிடக்கறதால வேற யாரோ ஒருத்தர் எடுத்து சரி பண்ண முடியுது பாருங்க, அஞ்சாறு வருஷம் ஓடணும்னு கேக்கற உங்களுக்கு எஃப்பிஎஸ்ஸை விட இதுதான் பெரிய விஷயம்னு நான் உறுதியா நம்பறேன்.

என்விடியா லினக்ஸ்ல ஓடவே ஓடாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அது பழைய கதை. 2022-ல கெர்னல் மாட்யூலோட சோர்ஸை திறந்து விட்டாங்க, 2024-ல 555 டிரைவர்ல எக்ஸ்ப்ளிசிட் சிங்க் (பிரேம் தயாரானதும்தான் திரைக்குப் போற ஏற்பாடு) வந்தப்புறம் வேலண்ட்ல (லினக்ஸோட புது திரை முறை) திரை மினுக்கற தொல்லையும் பெருசா அடங்கிடுச்சு, டிஎல்எஸ்எஸ் (என்விடியாவோட ஏஐ அப்ஸ்கேலிங்) புரோட்டான்ல (விண்டோஸ் கேமை லினக்ஸ்ல ஓட்டற வால்வோட டூல்) நல்லாவே வேலை செய்யுது. ஆனா கெர்னலுக்கு மேல இருக்கற வல்கன், ஓப்பன்ஜிஎல் பகுதி இன்னமும் மூடினதுதான். அதோட டைரக்ட்எக்ஸ் 12 கேம்ல, அதாவது அதை வல்கனுக்கு மாத்திக் குடுக்கற விகேடி3டி-புரோட்டான் வழியா ஓடறதுல, என்விடியா கார்டு விண்டோஸ்ல தர்றதை விட கண்ணுக்குத் தெரியற அளவு குறைச்சலா தருதுன்னு ரொம்ப நாளா இருக்கற புகார். டைரக்ட்எக்ஸ் 11 வரைக்கும் அதே வேலையை டிஎக்ஸ்விகே பாத்துக்குது, அங்க பெரிய வித்தியாசம் தெரியாது.

அடுத்தது மெமரி. 5060-ல 8 ஜிபிதான், அதுவும் பிசிஐஇ-ல (கார்டை போர்டோட சேக்கற ஸ்லாட்) எட்டு லேன்தான் (டேட்டா போற பாதை) இருக்கு. உங்க பி450 பிசிஐஇ 3.0, பிசிஐஇ 5.0 இருக்கற புது போர்டுல அந்த எட்டு லேன் தர்றதுல நாலுல ஒரு பங்கு வேகம்தான் உங்களுக்குக் கிடைக்கும். விஆர்ஏஎம்ல (கார்டோட சொந்த மெமரி) இடம் இருக்கற வரைக்கும் இது தெரியாது. மேங்கோஹட்னு ஒரு டூல் போட்டு விஆர்ஏஎம் அளவையும் பிரேம்டைம் (ஒரு பிரேம் வர ஆகற நேரம்) கோட்டையும் பாத்துக்கிட்டே விளையாடிப் பாருங்க, 8 ஜிபி ரொம்பற வரைக்கும் கோடு சமமா போகும், ரொம்பினதும் புது ஏரியாவுக்குள்ள நுழையறப்ப எல்லாம் ஊசி ஊசியா மேல குத்தும், ஆவரேஜ் எஃப்பிஎஸ் 80-னு காட்டும் ஆனா கையில விக்கி விக்கி ஓடற மாதிரி இருக்கும். ரொம்பினது ராமுக்குப் போய் திரும்பி வர அந்த குறுகலான லேன்தான் வழி. 9060 எக்ஸ்டி-ல பதினாறு லேன் முழுசா இருக்கு, 16 ஜிபி வேற, உங்க பழைய போர்டுக்கு இந்த ஜோடிதான் சரி. ஆர்எக்ஸ் 7600-ம் எட்டு லேன், 8 ஜிபி, அதனால விலை குறைவுன்னு அதுக்கும் போகாதீங்க. இன்டெல் பி580 12 ஜிபி நல்ல கார்டு, ஆனா ரீசைசபிள் பார் (ப்ராசசர் கார்டு மெமரி முழுசையும் ஒரே வீச்சுல பாக்கற வசதி) இல்லாம அது தடுமாறும், 3600 மாதிரி பழைய ப்ராசசரோட சேக்கறதுக்கும் தோதில்ல.

பவர் சப்ளை கவலை வேண்டாம், 160 வாட் கார்டு, பெரும்பாலான மாடல்ல ஒரே ஒரு எட்டு பின்தான். இப்போ 1060-ல சொருகியிருக்கற ஆறு பின் கேபிள் பக்கத்துலயே ரெண்டு பின் தனியா தொங்கிட்டு இருக்கும் பாருங்க, அதையும் சேத்து சொருகினா முடிஞ்சுது.

என்விடியாதான் வாங்கணும்கற ஆளுங்களும் உண்டு. பிளெண்டர்ல ரெண்டர் பண்றவங்க, கூடா (என்விடியாவோட கணக்கீட்டு முறை) கேக்கற வேலை செய்யறவங்க, பாத் டிரேசிங் (ஒளி போற பாதையை கணக்குப் போட்டு வரையற முறை) போட்டே ஆகணும்கறவங்க. அப்புறம் பெரிய 4கே டிவியில எச்டிஎம்ஐ வழியா 120 ஹெர்ட்ஸ் வேணும்கறவங்க, ஏன்னா எச்டிஎம்ஐ 2.1-ஐ ஓப்பன் சோர்ஸ் டிரைவர்ல போட ஏஎம்டி கேட்டதுக்கு அந்த தரத்தை வச்சிருக்கற எச்டிஎம்ஐ ஃபோரம் 2024-ல முடியாதுன்னுடுச்சு. கார்டுல எல்லாம் இருந்தும் ஒரு அமைப்பு தன்னோட தரக்குறிப்பை மூடி வச்சதால ஜனங்க அனுபவிக்க முடியலைங்கறது எனக்கு இன்னமும் கோவம் வர்ற விஷயம். நீங்க மானிட்டர்ல விளையாடறீங்க, டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போட்டுக்கோங்க, உங்களுக்கு இது தொடாது.

எந்த கார்டு வாங்கினாலும் தீராத ஒண்ணு ஆன்டி சீட், ஆன்லைன் கேம்ல ஏமாத்தறவங்களைப் பிடிக்கற சாஃப்ட்வேர். வேலரண்ட், ஃபோர்ட்நைட், பேட்டில்ஃபீல்ட் 6 லினக்ஸ்ல ஓடாது, ஏபெக்ஸ்லயும் 2024 கடைசியில கதவை சாத்திட்டாங்க. சிஎஸ்2, டோட்டா 2 நேட்டிவாவே ஓடும். உங்க லிஸ்ட்ல இருக்கற கேமை எல்லாம் புரோட்டான்டிபி-ல (எந்த கேம் லினக்ஸ்ல ஓடுதுன்னு சொல்ற சைட்) ஒருதடவை தேடிப் பாத்துட்டு காசை எடுங்க.

இனி மாத்தற வேலை. கார்டு வர்றதுக்கு முன்னாடியே மின்ட்ல அப்டேட் மேனேஜரைத் திறந்து, வியூ மெனுவுல லினக்ஸ் கெர்னல்ஸ் போய் என்ன ஓடுதுன்னு பாருங்க. 6.8 இருந்தா புது கார்டை அது கண்டுக்காது, 6.14 இல்ல அதுக்கு மேல போட்டுக்கோங்க. மெசா 25.0-ஆவது இருக்கணும், ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ள ஏத்தற சின்ன மென்பொருள்) பேக்கேஜும் புதுசா இருக்கணும், அதனால எல்லா அப்டேட்டையும் முடிச்சுடுங்க. அப்புறம் டிரைவர் மேனேஜர்ல என்விடியாவை நீக்கிட்டு, மெஷினை ஆஃப் பண்ணிட்டு கார்டை மாத்துங்க. பயாஸ்ல சிஎஸ்எம் ஆஃப், அபவ் 4ஜி டீகோடிங் ஆன், ரீசைசபிள் பார் ஆன், பயாஸ் பழசா இருந்தா அதையும் அப்டேட் பண்ணுங்க. ஏஎம்டி சைட்ல போய் டிரைவர் எதுவும் டவுன்லோட் பண்ண வேண்டாம், விளையாட அது தேவையே இல்ல. ஃபேன் வேகம், வோல்டேஜ் எல்லாம் மாத்தணும்னா லாக்ட்னு ஒரு டூல் இருக்கு, அது போதும்.

பூட் ஆனதும் டெர்மினல்ல வல்கன்இன்ஃபோ கமாண்டை ஓட்டிப் பாருங்க. டிவைஸ் பேர்ல ஆர்ஏடிவி, ஜிஎஃப்எக்ஸ்1200-னு (கார்டு சிப்போட பேர்) வந்தா எல்லாம் சரி, உடனே ஸ்டீமைத் திறங்க. எல்எல்விஎம்பைப் மட்டும் காட்டினா கார்டை விட்டுட்டு ப்ராசசர்ல படம் வரைஞ்சிட்டு இருக்குன்னு அர்த்தம், திரும்ப கெர்னலையும் ஃபர்ம்வேரையும் பாருங்க, கடைக்கு கார்டைத் திருப்பிக் கொண்டு போயிடாதீங்க.