தோட்ட வீட்டுக்கு எந்தத் துப்பாக்கி? ஒரு வாசகரின் கேள்வியும் பதிலும்

கேள்வி: "அலங்காநல்லூர் பக்கம் தோட்டத்துக்குள்ளேயே வீடு கட்டிக் குடியிருக்கிறோம். நான், மனைவி, வயதான அம்மா. மகன் பெங்களூரில் இருக்கிறான். போன மாதம் பக்கத்துத் தோட்ட வீட்டில் இரவில் புகுந்து நகையைக் கொண்டுபோய்விட்டார்கள். மக்காச்சோளம் போட்டால் காட்டுப்பன்றி விட்டுவைப்பதில்லை. வெள்ளம், கலவரம் என்று ஏதாவது வந்தாலும் கையில் ஒன்று இருந்தால் தைரியம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கியாக எதை வாங்கலாம்? ரிவால்வரா, இரட்டைக்குழலா?"

பதில்: ஐயா, நீங்கள் கேட்டிருப்பது மூன்று தனித்தனி ஆபத்துகள். ஒரே துப்பாக்கியில் மூன்றும் அடங்காது. பன்றிக்குத் துப்பாக்கி எடுக்க உங்களுக்குச் சட்டத்தில் வழி கிடையாது. வெள்ளத்துக்குத் துப்பாக்கி தேவையே இல்லை. மிச்சம் இருப்பது வீட்டுப் பாதுகாப்பு. அதற்கு வாங்கலாம், ஆனால் முதலில் வாங்க வேண்டிய பொருள் அதுவல்ல. போலீஸ் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளைப் பிரித்து, துடைத்து, பழுது பார்த்துப் பல வருஷம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பன்றியை முதலில் எடுத்துக்கொள்வோம். உசிலம்பட்டி, பேரையூர், டி. கல்லுப்பட்டி வரை மக்காச்சோளமும் கடலையும் போடுகிற எல்லோருக்கும் இருக்கிற வயிற்றெரிச்சல் இது. ஒரே ராத்திரியில் அரை ஏக்கரை மிதித்துப் போட்டிருப்பதைப் பார்த்தால் யாருக்கும் துப்பாக்கி எடுக்கத்தான் தோன்றும். ஆனால் 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டில் வேட்டை என்பதே குற்றம். காட்டுப்பன்றி அதன் 2-ஆம் அட்டவணையில், அதாவது பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் பட்டியலில், இருக்கிறது. பயிரை அழிக்கும் விலங்கைச் சுட வனத்துறையில் அதிகாரம் பெற்ற அதிகாரி எழுத்தில் அனுமதி கொடுக்கலாம், அவ்வளவுதான். உங்களிடம் துப்பாக்கி உரிமம் இருப்பது பன்றியைச் சுடுவதற்கான அனுமதி ஆகாது. இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

2025 தொடக்கத்தில் தமிழக அரசு பன்றிக்கு ஒரு வழி வகுத்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்து பயிரை அழிப்பவற்றைச் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்களே சுட வேண்டும். ஆக உங்கள் தோட்டம் அழகர்மலைக் காட்டிலிருந்தோ சிறுமலை அடிவாரக் காட்டிலிருந்தோ எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் முதல் கேள்வி. வி.ஏ.ஓ.விடம் கேட்டால் தெரிந்துவிடும். சேதத்தை அன்றைக்கே விடிந்ததும் போட்டோ எடுத்து வையுங்கள். குளம்புத் தடமும் மிதிபட்ட தட்டையும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். சர்வே எண்ணோடு மனு எழுதி வனச்சரக அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். இழப்பீட்டுக்கும் இதே மனுதான் ஆதாரம். அழிமானத்தை உழுது மறைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் போனால் யாராலும் உதவ முடியாது.

மயிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மயில் அதே சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்புள்ள 1-ஆம் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, 7 ஆண்டு வரை சிறை. 0.177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் உள்ள ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்பதால், அதை வாங்கி மயிலையும் முயலையும் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்பது உண்மை. அதை வைத்து அடித்தாலும் வேட்டை வேட்டைதான்.

அப்புறம் இரண்டு விஷயத்தைக் கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். மின்கம்பியில் கொக்கி போட்டு வேலிக்குக் கரண்ட் விடாதீர்கள். தீனிக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் அவுட்டுக்காயை வைக்காதீர்கள். கரண்ட் வேலியில் சாவது பல சமயம் ராத்திரி தண்ணி பாய்ச்ச வந்த பக்கத்துத் தோட்டக்காரர். அவுட்டுக்காயைக் கடித்து வாய் கிழிவது உங்கள் வீட்டுப் பசுவாகக்கூட இருக்கலாம். வேலிதான் வேண்டும் என்றால் விட்டு விட்டு அதிர்ச்சி கொடுக்கும் சோலார் வேலி இருக்கிறது. அதற்கும் 2023-இல் தமிழ்நாட்டில் தனி விதி வந்துவிட்டது. பதிவு செய்துதான் போட வேண்டும். பன்றிக்குக் கீழ்க்கம்பி தாழ்வாக இருக்க வேண்டும், புல் முளைத்துக் கம்பியில் பட்டால் அதிர்ச்சி இறங்கிப்போகும். அடியில் சுத்தமாகச் செதுக்கி வைக்காத சோலார் வேலி வெறும் கம்பிதான்.

இனி வீட்டுக்கு வருவோம். துப்பாக்கி உங்களைக் காப்பாற்ற வேண்டும் என்றால் ராத்திரி 2 மணிக்கு என்ன நடக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் விழித்துக்கொள்ள வேண்டும். கரண்ட் இருக்காது, மெயினை அவன் முதலிலேயே இறக்கியிருப்பான். பீரோ சாவி எங்கே என்று தேட வேண்டும். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா இன்னொரு பூட்டில், அப்படி வைப்பதுதான் முறை. இரட்டைக்குழலை மடித்து, தோட்டாவை இருட்டில் தடவிப் போட்டு, மூடி, எதிரே நிற்பது திருடனா, சத்தம் கேட்டு எழுந்து வந்த அம்மாவா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குள் கதவு உடைந்திருக்கும். அதனால்தான் கதவையும் வெளிச்சத்தையும் நாயையும் முதலில் சொல்கிறேன். பின்கட்டுக் கதவுதான் பெரும்பாலான தோட்ட வீடுகளில் பலவீனம். முன்கதவு தேக்கில் இருக்கும், பின்னால் தகரமோ பிளைவுட்டோ இருக்கும். அதை இரும்புச் சட்டத்தில் மாற்றி, உள்பக்கம் குறுக்குத் தாழ் போடுங்கள். ஆள் நடமாட்டத்தில் தானாக எரியும் சோலார் விளக்கை நான்கு மூலையிலும் மாட்டுங்கள். இரண்டு நாட்டு நாய் வளருங்கள். ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் வீடு பூட்டியிருக்கும் என்று எழுதிக் கொடுங்கள், ரோந்தில் வந்து பார்ப்பார்கள். தமிழகப் போலீஸின் "காவல் உதவி" செயலியை மூன்று பேர் போனிலும் போட்டு, அம்மாவுக்கு அழுத்தக் கற்றுக்கொடுங்கள். 100, 112 இரண்டும் அவர்கள் போனில் ஒற்றை அழுத்தலில் போக வேண்டும்.

இதையெல்லாம் செய்த பிறகும் துப்பாக்கி வேண்டும் என்றால், அதில் தவறில்லை. தனித் தோட்டத்தில் ஸ்டேஷன் தூரத்தில் இருக்கும்போது அந்த எண்ணம் நியாயமானது. ஆனால் கடைக்குப் போகுமுன் உரிமம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் இதற்கு அடிப்படை. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மதுரை மாநகரப் போலீஸ் எல்லைக்குள் இருப்பவர் கமிஷனரிடமும், உங்களைப் போல வெளியே இருப்பவர் கலெக்டரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். ஏ-1 படிவம், எதற்காக என்ற விளக்கம், மருத்துவச் சான்று, ஆயுதப் பயிற்சிச் சான்று எல்லாம் கேட்பார்கள். போலீஸ் விசாரணை நடக்கும். காரணத்தை உள்ளபடி எழுதுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் நடந்த திருட்டின் எஃப்.ஐ.ஆர். நகல் கிடைத்தால் இணையுங்கள். "தொழில் விரோதம்" என்று ஏதோ ஒன்றைக் கற்பனையாக எழுதினால் விசாரணையில் அடிபட்டுப்போகும். கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு. மறுத்தால் மேல்முறையீடு உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைக்க முடியாது, உரிமம் 5 ஆண்டுக்கு. தேர்தல் அறிவித்தால் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வரலாம். அந்த வாரங்களில் வீடு துப்பாக்கி இல்லாமல்தான் இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பரணில் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி கிடக்கிறதே என்று நினைத்தால், உரிமம் இருந்த துப்பாக்கியா என்று பாருங்கள். இருந்தால் வாரிசு பெயரில் மாற்ற மனுக் கொடுங்கள். இல்லையென்றால் வக்கீலைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுங்கள். உரிமமில்லாமல் வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. பட்டறையில் அடித்த குழல் வெடித்துச் சுட்டவன் விரலே போவதும் உண்டு. அந்த உலோகத்தை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

ரிவால்வரா, இரட்டைக்குழலா? உங்கள் நிலைமைக்கு 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் என்பேன். 9 மி.மீ. பிஸ்டல், .303 ரைபிள் போன்றவை தடைசெய்யப்பட்ட வகை, பொதுமக்களுக்குக் கிடையாது. கிடைக்கிற கைத்துப்பாக்கி பெரும்பாலும் .32 அங்குல அளவு. கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014-இல் பெண்களை மனதில் வைத்து அரைக் கிலோ எடையில் "நிர்பீக்" என்ற .32 ரிவால்வரைக் கொண்டுவந்தது. எடை குறைவு, பைக்குள் அடங்கும், சரி. ஆனால் குட்டைக் குழல் ரிவால்வரை நடுங்கும் கையில் பிடித்துக் குறி தவறாமல் சுடுவது, வாரம் தவறாமல் பயிற்சி எடுப்பவருக்கே கஷ்டம். பயிற்சி இல்லாதவர் கையில் அது எங்கே சுடும் என்று சொல்ல முடியாது. .315 ரைபிள் வேண்டவே வேண்டாம். அந்தக் குண்டு கதவு, ஜன்னலைத் துளைத்து, தோட்டத்தையும் தாண்டிப் பறக்கும். ரோட்டில் போகிறவர் மேல் பட்டால் என்ன செய்வீர்கள்?

இரட்டைக்குழல் நீளமானது, இரண்டு கையிலும் தோளிலும் அணைத்துப் பிடிப்பதால் குறி நிற்கும். இயங்கு பாகங்கள் குறைவு, சிக்காது. திருச்சி ஆயுதத் தொழிற்சாலை செய்கிற, முன்கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் ஆக்‌ஷனும் 12 போர்தான். அதில் அதிகத் தோட்டா போகும் என்பதைத் தவிர உங்களுக்கு லாபமில்லை. தோட்டா வாங்கும்போது கவனம். நம்பர் 4 என்றால் சிறு ரவை, எல்.ஜி., எஸ்.ஜி. என்றால் பெரிய ஈயக் குண்டு. வீட்டுக்குள் பெரிய குண்டு கதவையும் மெல்லிய தடுப்பையும் தாண்டிப் போகும். எங்கே யார் படுத்திருக்கிறார்கள் என்று ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டு டீலரிடம் பேசுங்கள். பழைய துப்பாக்கி வாங்கினால் குழலின் உட்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டும், புள்ளி புள்ளியாக அரித்திருந்தால் விட்டுவிடுங்கள். மூடிய நிலையில் குழலும் கட்டையும் சேரும் இடத்தை அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் வேண்டாம்.

எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன், வாங்கி இரண்டு ஐப்பசி கழிந்தால் பீரோவுக்குள் தோட்டா ஈரம் குடித்திருக்கும். பித்தளை விளிம்பில் பச்சை பூத்திருக்கும், உடல் கொஞ்சம் ஊதி குழலுக்குள் முக்கால்வாசி போய் நின்றுவிடும். அதைக் கட்டை விரலால் அழுத்தி உள்ளே தள்ளப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படிப்பட்ட தோட்டாவைத் தனியே எடுத்து வைத்து டீலரிடம் கொடுங்கள். மாதம் ஒருமுறை குழலைத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசுங்கள். மதுரையில் ரைபிள் கிளப் இருக்கிறது. உறுப்பினராகி, உங்கள் மனைவியையும் சேர்த்துப் பழக்குங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அந்த வீட்டில் இருப்பது அவர்கள்தான். உரிமம் உங்கள் பெயரில் மட்டும் இருந்தால் அவர்கள் எடுக்கவும் கூடாது என்பதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

சுடும் உரிமையைப் பற்றி ஒன்று. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பைப் பேசுகின்றன. உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்சும் நிலையில், வேறு வழியில்லாதபோது, எதிராளி இறந்தாலும் குற்றமாகாது. கொள்ளைக்கும், இரவில் வீட்டை உடைத்து நுழைபவனுக்கும் இது பொருந்தும். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. போலீஸைக் கூப்பிட நேரம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது. மாங்காய் பறிக்க வந்த பையனைச் சுட முடியாது. திரும்பி ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டு தற்காப்பு என்று கோர்ட்டில் நிற்க முடியாது. கல்யாணம், திருவிழாவில் வானத்தை நோக்கிச் சுடுவதற்கும் 2019 திருத்தத்தில் 2 ஆண்டு வரை சிறை வந்துவிட்டது. அப்படி ஒரு ஆசை வீட்டில் யாருக்காவது இருந்தால் அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அதைவிட முக்கியம், வீட்டில் குடிப்பழக்கமோ மன உளைச்சலோ உள்ளவர் இருந்தால், பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருவார்கள் என்றால், துப்பாக்கி வேண்டாம். திருடன் என்றாவது ஒருநாள்தான் வருவான், கோபமும் துக்கமும் வீட்டிலேயே இருக்கின்றன.

மூன்றாவதாகக் கேட்ட வெள்ளம். 2024 அக்டோபரில் ஒரே நாள் மழையில் செல்லூர், பந்தல்குடி வாய்க்கால் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது மக்கள் தேடியது குடிதண்ணீர், மாத்திரை, டார்ச், போன் சார்ஜ், ஆதார், பத்திரம். அம்மாவின் மருந்து ஒரு மாதத்துக்கு இருப்பில் இருக்கட்டும். பத்திரங்களின் நகலை மகனுக்கு அனுப்பி, அசலை ஒட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள். 20 லிட்டர் கேன் இரண்டு, பவர் பேங்க், அரிசி, ஒரு கேஸ் சிலிண்டர் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கலவரம் என்றால் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பதுதான் பாதுகாப்பு. கூட்டத்தின் முன் துப்பாக்கியோடு வாசலில் நிற்பவர் வீட்டுக்குத்தான் முதல் கல் விழும்.

இந்த வாரமே வனச்சரக அலுவலகத்துக்கும் வி.ஏ.ஓ.விடமும் போய்விடுங்கள், அடுத்த விதைப்புக்கு முன் வேலிப் பதிவு முடிய வேண்டும். பின்கதவுக்கு ஆசாரியை அழையுங்கள். உரிம மனுவை அதற்குப் பிறகு எழுதினால் போதும். எழுதும்போது பயிற்சிச் சான்றுக்கு எங்கே சேர்வது என்பதை கலெக்டர் அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள், அது இல்லாமல் கொடுத்த மனு திரும்பி வரும்.