உருக்கிய பிளாஸ்மாவுக்கு எத்தனை நேரம் ஆயுள்? – வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: மஞ்சள் காட்டில் தண்ணீர் பாய்ச்சப் போன என் தந்தையைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. விஷமுறிவு மருந்து ஏற்றிய பிறகும் ரத்தம் உறையவில்லை என்று சொல்லி, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவை நான்கு பை எழுதிக் கொடுத்தார்கள். ரத்த வங்கியில் நான்கையும் உருக்கிக் கொடுத்தார்கள். இரண்டை ஏற்றியதும் போதும் என்று மருத்துவர் நிறுத்திவிட்டார். வார்டிலேயே இருந்த மற்ற இரண்டு பைகளை மறுநாள் காலையில் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்க மறுத்துவிட்டார்கள். பையின் மேல் இன்னும் எட்டு மாதம் கெடு இருந்தது. கட்டணமும் வீண், யாரோ ஒருவர் தானமாகக் கொடுத்ததும் வீண் என்று மனம் ஆறவில்லை. அவர்கள் செய்தது முறைதானா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்கள் தந்தை நலமடைந்திருப்பார் என்று நம்புகிறேன். உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் அந்தப் பைகளை வாங்க மறுத்ததும் முறையானதுதான். நீங்கள் பையின் மேல் பார்த்த கெடு, உறைந்த நிலையில் இருக்கும் பிளாஸ்மாவுக்கு உரியது. நம் நாட்டின் மருந்து விதிகளின்படி, ரத்தம் எடுத்த 6 மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்து உறையவைத்து, மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழான குளிரில் வைத்தால் ஓராண்டு வரை பாதுகாக்கலாம். உருக்கிய நொடியோடு அந்த ஓராண்டுக் கணக்கு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு நடப்பது மணிக்கணக்கு.

இதற்குக் காரணம் பிளாஸ்மாவுக்குள் இருக்கும் உறைவுக் காரணிகள், அதாவது காயத்தில் ரத்தத்தைக் கட்டியாக உறையச் செய்யும் புரதங்கள். அவற்றில் எட்டாம் காரணியும் ஐந்தாம் காரணியும் மிகவும் நிலையற்றவை. உறைந்திருக்கும்வரை சிதையாமல் இருப்பவை, உருகியதும் குறையத் தொடங்குகின்றன. குளிர்சாதனப் பெட்டியில் சரியாக வைத்திருந்தாலும் எட்டாம் காரணி முதல் நாளிலேயே கணிசமாகக் குறைந்து, ஐந்தாம் நாளில் தொடக்கத்தில் இருந்ததில் ஏறத்தாழ 60 சதவீதமே மிஞ்சுகிறது. ஃபைப்ரினோஜன் போன்ற மற்ற உறைவுப் புரதங்கள் அவ்வளவு எளிதில் குறைவதில்லை. இன்னொரு கவலை கிருமி. தானம் எடுக்கும்போது ஊசி குத்திய தோலிலிருந்தோ, உருக்கும் தண்ணீரிலிருந்தோ நுண்ணுயிர் உள்ளே போயிருந்தால், உறைநிலையில் முடங்கிக் கிடக்கும் அது, வெளியில் வைத்த பையில் பெருகிவிடும். அப்படிப்பட்ட பையை ஏற்றினால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து.

உருக்கும் இடத்தை ஒருமுறை பார்த்தால் இந்த எச்சரிக்கை ஏன் என்று புரியும். பையை அப்படியே தண்ணீரில் போடுவதில்லை. அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு, 30 முதல் 37 டிகிரிக்குள் கட்டுப்படுத்திய வெந்நீர்த் தொட்டியிலோ உலர் முறைக் கருவியிலோ வைக்கிறார்கள். அதைவிடச் சூடானால் புரதங்கள் கெட்டுவிடும். இருபது முப்பது நிமிடங்களில் கட்டி கரைகிறது. டெக்னீஷியன் பையை வெளிச்சத்தில் பிடித்துக் கசிவு இருக்கிறதா, கரையாத கட்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, உருக்கிய நேரத்தையும் எந்த நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதையும் லேபிளில் எழுதுகிறார். நீங்கள் பார்த்திருக்க வேண்டியது அந்த எழுத்தைத்தான். உருக்கிய 6 மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு சொல்கிறது.

மறுபடியும் உறையவைத்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. போன காரணிகள் திரும்பி வருவதில்லை. இடைப்பட்ட நேரத்தில் புகுந்த கிருமியும் உறைவதால் சாவதில்லை. வார்டு ஃப்ரிட்ஜில் மருந்துகளோடு சேர்த்து வைத்திருந்த பையையும் திரும்ப ஏற்க முடியாது. அந்த ஃப்ரிட்ஜ் இரவு முழுவதும் எந்த வெப்பநிலையில் இருந்தது என்பதற்குப் பதிவு கிடையாது. நீங்கள் செலுத்தியது ரத்தத்தின் விலை அன்று, பரிசோதனைக்கும் பிரிப்பதற்கும் ஆன செய்முறைக் கட்டணம் என்பதால், பையைப் பயன்படுத்தாவிட்டாலும் அந்தச் செலவு நடந்து முடிந்ததே.

உண்மையில் வீணானது மறுநாள் காலையில் இல்லை, முந்தைய நாள் நான்கு பைகளையும் ஒரே நேரத்தில் உருக்கச் சொன்னபோது. மருத்துவர் நான்கு எழுதியிருந்தாலும், முதலில் இரண்டை உருக்கி ஏற்றி, உறைவுச் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு மற்றவற்றைக் கேட்டிருக்கலாம். மீதி இரண்டும் உறைந்தபடியே வங்கியில் இருந்திருக்கும், வேறொருவருக்குப் போயிருக்கும். இது உங்கள் தவறு அன்று; வார்டும் ரத்த வங்கியும் பேசி முடிவு செய்ய வேண்டிய காரியம். அடுத்த முறை எவருக்காவது எழுதிக் கொடுத்தால், "எல்லாவற்றையும் இப்போதே உருக்க வேண்டுமா, ஒவ்வொன்றாக உருக்கலாமா?" என்று கேட்கச் சொல்லுங்கள்.

விரியன் கடியைப் பற்றி ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அதன் விஷம் ஐந்தாம், பத்தாம் காரணிகளைத் தூண்டிவிட்டு ஃபைப்ரினோஜனைத் தீர்த்துவிடுகிறது. விஷத்தை முறிக்காமல் பிளாஸ்மாவை மட்டும் ஏற்றினால் அதையும் விஷம் தீர்த்துவிடும். எனவே விஷமுறிவு மருந்துக்குப் பிளாஸ்மா மாற்றாகாது. உங்கள் தந்தைக்கு அந்த மருந்தை முதலில் கொடுத்தது சரியான வரிசை.

கேள்வி: நான் ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்கும் மாணவன். அமெரிக்காவில் உருக்கிய பிளாஸ்மாவை ஐந்து நாள் வைத்துக்கொள்கிறார்கள் என்று படித்தேன். நாம் மட்டும் ஏன் மணிக்கணக்கு பார்க்க வேண்டும்?
– வாசகர், பெருந்துறை

பதில்: நீங்கள் படித்தது சரி, ஆனால் அதில் ஒரு நிபந்தனை விட்டுப்போயிருக்கிறது. அங்கே உருக்கிய பையை 1 முதல் 6 டிகிரிக்குள் 24 மணி நேரம் வரை 'புதிதாக உறையவைத்த பிளாஸ்மா' என்ற அதே பெயரில் வைத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் பழைய லேபிளை மாற்றி, 'உருக்கிய பிளாஸ்மா' என்று வேறு பெயரிட்ட பின்னரே, உருக்கிய நேரத்திலிருந்து மொத்தம் ஐந்து நாள் வரை வைத்திருக்க அந்நாட்டு ரத்த வங்கிச் சங்கத்தின் தரவிதிகள் இடம் தருகின்றன. வாங்கும் மருத்துவருக்கு எட்டாம் காரணி குறைந்த பொருள் என்று தெரிய வேண்டும் என்பதற்கே அந்தப் பெயர் மாற்றம். பிரிட்டனிலும் பொதுவான வரம்பு 24 மணி நேரம்தான். எதிர்பாராத பெரும் ரத்தப்போக்குக்கு மட்டும் 120 மணி நேரம் வரை நீட்டித்திருக்கிறார்கள்.

அந்த நீட்டிப்பின் நோக்கத்தைக் கவனியுங்கள். சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் விபத்தில் சிக்கி ரத்தம் கொட்டிக்கொண்டு வருபவருக்கு, உருக ஆகும் அரை மணி நேரம் என்பது நீண்ட நேரம். நாள்தோறும் அத்தகைய நோயாளிகள் வரும் பெரிய மருத்துவமனையில் சில பைகளை எப்போதும் உருக்கித் தயாராக வைப்பது உயிர் காக்கும். வைத்த பைகளும் கெடுவதற்குள் செலவாகிவிடும். வாரத்துக்கு ஓரிரு பை மட்டுமே போகும் சிறிய மையத்தில் அதே வழக்கம் தானம் கொடுத்தவரின் பிளாஸ்மாவைக் குப்பைக்கு அனுப்பும். கோவை போன்ற நகரத்தின் பெரிய விபத்துப் பிரிவுகள் இதைப் பற்றி ஆலோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அது உரிமம் பெற்ற மையம் தன் எழுத்துபூர்வ செயல்முறையில் சேர்த்து, வெப்பநிலைப் பதிவு, லேபிள், பொறுப்பாளர் எல்லாவற்றையும் வரையறுத்துச் செய்ய வேண்டியது. இரவுப் பணியில் இருக்கும் டெக்னீஷியன் தானாகக் கெடுவை நீட்டுவதற்கு இடமில்லை. நீங்கள் வேலைக்குச் சேரும்போது முதலில் அந்தச் செயல்முறைக் கோப்பைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

கேள்வி: மின்தடையில் ஃப்ரீசர் நின்று, பிளாஸ்மா உருகி, மறுபடி உறைந்துவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: வெப்பநிலைப் பதிவும் எச்சரிக்கை மணியும் ஜெனரேட்டரும் இருக்க வேண்டும் என்பது அடிப்படை. இவற்றோடு ஓர் எளிய முறையும் உண்டு: உறையவைக்கும்போது பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, உறைந்த பின் எடுத்துவிடுவார்கள். அது பதிந்த பள்ளம் இருந்தால் பை உருகவில்லை. பள்ளம் மறைந்திருந்தால் இடையில் உருகியிருக்கிறது, அதை ஒதுக்கிவிட வேண்டும்.

கேள்வி: உருக்கிய கிரையோவையும் பிளாஸ்மாவைப் போல ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?
– செவிலியர், கரூர்

பதில்: வைக்கக் கூடாது. கிரையோ என்பதே பிளாஸ்மாவைக் குளிரில் மெல்ல உருக்கும்போது படியும் வீழ்படிவு. மீண்டும் குளிரில் வைத்தால் அது திரும்பவும் படிந்துவிடும். 20 முதல் 24 டிகிரி அறை வெப்பநிலையில் வைத்து, 6 மணி நேரத்துக்குள் ஏற்றிவிடுங்கள். பைகளைத் திறந்த முறையில் ஒன்றாகக் கலந்திருந்தால் 4 மணி நேரத்துக்குள்.