மண்ணில் முகம், மண்ணில் பெயர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தலையையே நிஜ அளவில் சுடுமண் சிற்பமாகச் செய்தேன். சூளையில் மூக்கு வெடித்துத் தெறித்தது. ஒரு கன்னத்தில் மட்டும் விரிசல். மிஞ்சியதும் என்னைவிடச் சின்னதாக இருக்கிறது. ஏன்?
– வாசகி, உடுமலை

பதில்: மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. மூக்கை வெடிக்க வைத்தது உள்ளே தங்கிய ஈரம். காற்றுக்குமிழியைக் குறை சொல்வது வழக்கம். ஆனால் 100 டிகிரியில் நீராவியாகி மண்ணைப் பிளப்பது தண்ணீர்தான். தலையைக் கெட்டியாகவே உருவாக்குங்கள். ஈரம் சுண்டி, அமுக்கினால் குழியாத பதத்தில் உச்சந்தலையைக் கம்பியால் அறுத்தெடுத்து, சுவர் எங்கும் 1.2 செ.மீ. இருக்கும்படி உள்ளே குடையுங்கள். மூக்கின் பின்புறத்தையும் விடாதீர்கள். இரு விளிம்பையும் கீறி, மண்கூழ் தடவி மூடுங்கள். கழுத்தில் ஒரு துளை திறந்தே இருக்கட்டும்.

கன்னத்து விரிசல் பெரும்பாலும் காற்றின் வேலை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று வரும் ஊரில், காற்றுப்படும் பக்கம் முதலில் காய்ந்து சுருங்கிவிடும். ஒரு வாரம் பாலித்தீன் உறையில் வைத்து, பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். தராசில் நிறுத்துப் பாருங்கள். இரண்டு நாள் தொடர்ந்து எடை மாறாவிட்டால் காய்ந்துவிட்டது. சூளையிலும் முதல் நாலைந்து மணி நேரம் 90 டிகிரியைத் தாண்ட வேண்டாம். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரென விரியும், ஆறும்போது அங்கேயே சுருங்கும்; இரண்டு முறையும் அந்த இடத்தை மெதுவாகக் கடக்க வேண்டும்.

அளவு குறைவது மண்ணின் இயல்பு. உங்கள் மண் 10 சதவீதம் சுருங்கும் என்றால், 25 செ.மீ. முகத்துக்கு 27.8 செ.மீ. செய்ய வேண்டும்.

இன்னொன்று: அச்சு அசலான முகம்தான் ‘நான்’ என்று நினைக்கத் தேவையில்லை. நம் ஊர்க் கோயில்களில் நேர்ந்து வைக்கும் மண் உருவாரங்களில் யார் சாயலும் இருக்காது. ஆனாலும் நேர்ந்துகொண்டவருக்குத் தன்னுடையது எதுவென்று தெரியும்.

கேள்வி: சின்னச் சின்ன ஓடுகளில் என் கைரேகையைப் பதிக்கிறேன். சுட்டதும் மங்கிவிடுகிறது.
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: ரேகைகளின் இடைவெளியே சுமார் அரை மில்லிமீட்டர்தான். மண்ணில் பருமணல் இருந்தால் அது ரேகையை விழுங்கிவிடும். 80 மெஷ் (அங்குலத்துக்கு 80 கண்) சல்லடையில் சலித்த மண்ணை மேலே 3 மி.மீ. பூசி, விரலில் ஒட்டாத பதத்தில் பதியுங்கள். கிளேஸ் (கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சு) போட்டால் பள்ளம் நிரம்பிவிடும். அதற்குப் பதிலாக, சுட்ட பிறகு செங்காவியைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்து, ஈரப் பஞ்சால் மேற்பரப்பை மட்டும் துடைத்தால் பள்ளத்தில் நிறம் நிற்கும்; மீண்டும் சுட்டுக்கொள்ளுங்கள். விற்கப்போகிற ஓட்டில் முழு ரேகை வேண்டாம், விரலைக் கொஞ்சம் திருகிப் பதியுங்கள். ஆதாரில் இருப்பதும் அதே விரல்தானே!

கேள்வி: எங்க தோட்டத்து மண்ணுலயே பண்ணலாமுங்களா? அதுதான் எனக்கு முக்கியம்.
– வாசகி, காங்கயம்

பதில்: பண்ணலாம், சோதித்துவிட்டு. கரிசல் தனியாகத் தாங்காது. ஈரத்தில் உப்பி, காயும்போது பாளம் பாளமாக வெடிக்கும். குளத்து வண்டலும் சலித்த செங்கல் தூளும் கலக்க வேண்டும். செங்கல் தூள் 15 சதவீதத்தில் தொடங்குங்கள். இந்தப் பக்கத்து மண்ணில் பெரிய எதிரி சுக்கான்கல். சூட்டில் அது சுட்ட சுண்ணாம்பாகி, சில நாளோ சில வாரமோ கழித்துக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும். மேலே சில்லுச் சில்லாகப் பெயரும். உலர்ந்த மண்ணில் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. கரைத்துச் சலித்தால் கட்டிகள் நீங்கும். சுருக்கத்தை அறிய, ஈரப் பட்டையில் 10 செ.மீ. கோடு கீறிச் சுடுங்கள். 9 ஆனால் 10 சதவீதம்.

கேள்வி: கொடுமணல் ஓடுகள்போலப் பெயர் கீறிய கறுப்பு-சிவப்புக் கிண்ணம் செய்ய முடியுமா?
– வாசகர், சென்னிமலை

பதில்: முடியும். நொய்யல் கரையில் அகழாய்வில் கிடைத்த அந்தப் பழைய பானை ஓடுகளில் ஆதன் போன்ற ஆட்பெயர்கள் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் இருக்கின்றன. உட்புறமும் விளிம்பும் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. உள்ளே காற்று கிடைக்காமல் கரி படிவதால் வரும் நிறம் அது. சிவப்பாகச் சுட்ட கிண்ணத்தை மரத்தூள் மேல் கவிழ்த்து, வெளிப்புறம் காற்றில் இருக்கும்படி மீண்டும் சூடேற்றிப் பாருங்கள். தூள் தீர்ந்தபின் சூடு நீடித்தால் கரி எரிந்து சிவப்பு திரும்பிவிடும். பெயரை ஆணியால் கீறுவதானால் சுட்ட பிறகு கீறுங்கள். கறுப்புக்கு அடியிலிருக்கும் மண் நிறம் அப்போதுதான் கோட்டில் தெரியும்.