சத்தம் கேட்கிறது, பறவையைக் காணோம்

கேள்வி: பறவை பார்க்கும் ஆசையில் ஒரு 10×50 பைனாகுலர் வாங்கினேன். வசந்தகாலம்தான் இதற்கு ஏற்ற பருவம் என்றார்கள். தினமும் காலை ஏழரை மணிக்குப் பூங்காவில் ஒரு மணி நேரம் சுற்றி வருகிறேன். மரமெல்லாம் ஒரே சத்தம், ஆனால் கண்ணில் படுவது நாலைந்து பறவைதான். பைனாகுலரைத் தூக்குவதற்குள் அதுவும் மறைந்துவிடுகிறது. கைப்பேசிச் செயலி ஏதேதோ பெயர் சொல்கிறது, நம்பலாமா? பறவையின் குரலைப் போட்டு அதை வெளியே வரவழைக்கலாமா? பக்கத்துப் புதரில் ஒரு கூடு இருக்கிறது, கிட்டப் போய்ப் படம் எடுக்கலாமா?

பதில்: கடைசி இரண்டு கேள்விக்கும் பதில் வேண்டாம் என்பதுதான், காரணத்தைக் கீழே சொல்கிறேன். மற்றபடி உங்களிடம் பெரிய குறை ஒன்றும் இல்லை, வசந்தகாலமே அப்படித்தான், காதுக்கு விருந்து வைத்துக் கண்ணைப் பட்டினி போடும். பறவைகள் வருடத்திலேயே அதிகம் பாடுகிற சமயத்தில்தான் மரங்களும் தழைத்து அவற்றை மறைத்துக்கொள்கின்றன. இலையுதிர்ந்த மரத்தில் பார்ப்பது போலக் கண்ணை மட்டும் நம்பி நடந்தால் நாலைந்துதான் சிக்கும். நடையைக் குறைத்துக்கொள்ளுங்கள், காதை முன்னால் அனுப்புங்கள், கண் பின்னால் வரட்டும்.

முதலில் நேரம். ஏழரை மணிக்கு நீங்கள் போய்ச் சேரும்போது கச்சேரியின் நல்ல பகுதி பெரும்பாலும் முடிந்திருக்கும். சூரியன் உதிக்க அரை மணி, முக்கால் மணி இருக்கும்போதே ஒவ்வொன்றாகத் தொடங்கிவிடும். அந்த மங்கலான வெளிச்சத்தில் பூச்சி தேடுவது கடினம், காற்றும் அடங்கியிருப்பதால் குரல் தெளிவாகப் போய்ச் சேரும், இராத்திரியைத் தாண்டி உயிரோடு இருக்கிறேன், இந்த இடம் இன்னமும் என்னுடையதுதான் என்று அறிவிக்கவும் அதுதான் தோதான நேரம். அந்த அரையிருட்டில் பைனாகுலரைத் தொடாமல் எந்தத் திசையில் எத்தனை குரல் என்று மட்டும் கவனியுங்கள். வெயில் ஏற ஏறப் பாட்டு குறையும், பறவைகள் இரை தேட அசையத் தொடங்கும், உதயத்துக்குப் பிந்தைய ஒன்றிரண்டு மணி நேரம்தான் கண்ணுக்கான நேரம். தினமும் விடியலில் எழ முடியாவிட்டால் வாரத்தில் இரண்டு நாள் போதும். மாலையிலும் கொஞ்சம் பாடும், ஆனால் விடியல் அளவுக்கு இருக்காது.

ஏன் இந்தப் பருவத்தில் மட்டும் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்றால், பகல் நீள்வதுதான் முக்கியத் தூண்டுதல். மண்டையோட்டைக் கடந்து மூளைக்குள் கசியும் வெளிச்சத்தையே உணரும் செல்கள் பறவைகளுக்கு உண்டு, அங்கிருந்துதான் இனப்பெருக்க ஹார்மோன்கள் முடுக்கிவிடப்படுகின்றன. சில இனங்களில் பாட்டுக்கான மூளைப் பகுதியே இந்தப் பருவத்தில் பெரிதாகிறது. பல இனங்களில் ஆண்தான் அதிகம் பாடும், சிலவற்றில் பெண்ணும் நன்றாகவே பாடும். இனிமையாகப் பாடுகிற பெண்ணைக் குயில் என்கிறோம், ஆனால் கூ... கூ என்று ஏறிக்கொண்டே போகிற அந்தக் குரல் கறுப்பாக இருக்கும் ஆண் குயிலுடையது. உடம்பெல்லாம் புள்ளி போட்ட பெண் குயில் கிக்-கிக்-கிக் என்று வெடுக்கென்று கத்தும்.

ஆண் தன் எல்லைக்குள் சில கிளைகளைப் பாடுமிடமாக வைத்துக்கொண்டு அவற்றையே சுற்றிச் சுற்றி வரும். இன்று ஒரு கிளை நுனியில் பாடிய பறவை கொஞ்ச நேரத்தில் அங்கேயே திரும்ப வரலாம், நாளைக் காலையிலும் வரலாம். அதனால் பறந்துபோனதன் பின்னாலேயே ஓடாமல் அந்தக் கிளை தெரிகிற மாதிரி, சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி, ஒரு இடத்தில் உட்காருங்கள். மரக்கூட்டமும் புல்வெளியும் சேரும் ஓரம், தண்ணீர்க் கரை, காலை வெயில் முதலில் விழும் மரம் இவையெல்லாம் நல்ல இடங்கள். இருபது நிமிடம் அசையக் கூடாது. முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும், நீங்கள் வந்த சலசலப்பு அடங்கவே அவ்வளவு நேரம் ஆகும். மங்கிய நிறத்தில் உடை போட்டால் நல்லதுதான், ஆனால் அதைவிட அசைவுதான் பறவைகளை விரட்டும். நான் தொடங்கிய வருடம் முழுக்க நடந்தே தீர்த்தேன், ஒருநாள் கால் சுளுக்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் இது புரிந்தது.

அடுத்து பைனாகுலர். 10×50 என்பதில் 10 உருப்பெருக்கம், 50 முன் லென்சின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். உங்களுடையதில் 5 மில்லிமீட்டர், விடியலுக்குப் போதும். சிக்கல் என்னவென்றால் 10 மடங்கு உங்கள் கை நடுக்கத்தையும் 10 மடங்காக்கும், பார்வை வட்டமும் பொதுவாகக் குறுகியிருக்கும், எடையும் கூடுதல், இலைகளுக்குள் ஒரு சின்னப் பறவையைத் தேட இது கடினமான கருவிதான். பறவை நோக்கர்கள் பலரும் 8×42 வைத்திருப்பது இதனால்தான். இப்போதே மாற்ற வேண்டாம், யாராவது இரவல் தந்தால் ஒருநாள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதுவரை முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துப் பிடியுங்கள், நடுக்கம் பாதி குறையும்.

தூக்குவதற்குள் பறவை மறைகிறது என்றீர்கள். பெரும்பாலும் அது மறைவதில்லை, நீங்கள்தான் பைனாகுலரைப் பார்க்கக் குனிந்துவிடுகிறீர்கள். பறவை மீது வைத்த கண்ணை எடுக்காமல், தலையை அசைக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். வீட்டில் உட்கார்ந்து தூரத்தில் உள்ள ஒரு இலை நுனியைக் குறிவைத்து ஐம்பது தடவை பழகினால் வந்துவிடும். அப்புறம் வலது கண் பக்கம் ஒரு வளையம் இருக்கும், அதைத் தொட்டிருக்கிறீர்களா? முன்பக்கம் வலது லென்சைக் கையால் மூடி, இடது கண்ணால் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருப்பிக் காட்சியைத் தெளிவாக்குங்கள், பிறகு இடதை மூடி, வலதுக்கு அந்த வளையத்தை மட்டும் திருப்புங்கள். ஒருமுறை செய்தால் போதும். கண்ணாடி அணிபவராக இருந்தால் கண் வைக்கும் பக்கத்தில் உள்ள ரப்பர் வளையங்களை உள்ளே இறக்கிவிட வேண்டும்.

அடையாளம் காண்பதில் புதியவர்கள் எல்லோரும் நிறத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால் பச்சைப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். முதலில் அளவு: சிட்டுக்குருவியைவிடச் சின்னதா, மைனா அளவா, காக்கை அளவா? பிறகு உருவம், அலகின் வடிவம், வாலின் நீளம். அப்புறம் நடத்தை. வாலை ஆட்டிக்கொண்டே நடந்தால் வாலாட்டி, ஒரே கிளையில் உட்கார்ந்து பறந்துபோய்ப் பூச்சி பிடித்துத் திரும்பினால் ஏதோ ஒரு ஈப்பிடிப்பான், இலைக்கு இலை தாவிக்கொண்டு ஒரு நொடி நிற்காமல் படுத்தியெடுத்தால் பெரும்பாலும் கதிர்க்குருவி, இதற்காக யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள், அனுபவசாலிகளே அதில் திணறுவார்கள். பறவை இருக்கும்போதே கையேட்டைப் புரட்டாதீர்கள். கண்ணெதிரே உள்ளவரை பறவையைப் பாருங்கள், போனபின் நோட்டில் எழுதிவிட்டுப் படத்தோடு ஒப்பிடுங்கள்.

குரலைப் பொறுத்தவரை ஐம்பது குரலை மனப்பாடம் செய்ய முயன்றால் ஒன்றும் நிற்காது. தினமும் கேட்கும் பத்துப் பறவைகளின் குரலை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு பதினோராவது குரல் தானாகவே தனித்துக் கேட்கும். ஒவ்வொரு குரலுக்கும் உங்கள் வாய்க்கு வருகிற அசையை எழுதிவையுங்கள், காகத்துக்குப் பெயர் வந்ததே அதன் கத்தலிலிருந்துதானே. இன்னொன்று, பாட்டு வேறு, அழைப்பு வேறு. நீளமாக, ஒரு அமைப்போடு திரும்பத் திரும்ப வருவது பாட்டு, துணைக்கும் எல்லைக்கும் உரியது. குட்டையாக வருவது அழைப்பொலி, அதில் எச்சரிக்கையும் அடக்கம். பல சின்னப் பறவைகள் ஒன்றுகூடிக் கரகரவென்று திட்டினால் அந்த மரத்தில் ஆந்தையோ பாம்போ இருக்கலாம், உடனே அங்கே பாருங்கள். மரங்கொத்தி இந்தப் பருவத்தில் காய்ந்த மரத்தில் படபடவென்று தட்டுவது இரைக்காக அல்ல, பாட்டுக்குப் பதிலாக.

செயலி விஷயத்துக்கு வருவோம். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் இலவசம், நல்ல செயலி, கேட்கும் ஒலியைப் படமாக மாற்றிப் பொருத்திப் பார்க்கிறது. ஆனால் துடுப்புவால் கரிச்சான் போல மற்ற பறவைகளின் குரலைக் காப்பியடிக்கும் பறவைகள் அதை நன்றாக ஏமாற்றும், பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் விடியலிலும் குழம்பும். அது சொல்லும் பெயரைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, கண்ணால் பார்த்தபின் நோட்டில் ஏற்றுங்கள். 2002 முதல் இயங்கும் இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் தொடங்கிய நேரம், நடந்த தூரம், பார்த்ததும் கேட்டதுமான எல்லா இனங்களையும் எண்ணிக்கையோடு பதிந்தால் இரண்டு வருடத்தில் எந்தப் பறவை எந்த வாரம் வருகிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

வலசை பற்றியும் ஒரு வார்த்தை. சின்னப் பாட்டுப் பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் வலசை போகின்றன. நடு இரவில் மழையோ எதிர்க்காற்றோ வந்தால் இருந்த இடத்திலேயே இறங்கிவிடும். அதனால் இரவு மழை பெய்து விட்ட காலை, சோம்பல் முறிக்காமல் கிளம்புங்கள், நேற்று இல்லாத பறவைகள் ஒரே மரத்தில் களைத்து உட்கார்ந்து இரை தேடிக்கொண்டிருக்கலாம்.

சரி, குரல் போட்டு வரவழைப்பது. வெளியே வரும், அதில் சந்தேகமில்லை, எதிரி தன் வீட்டுக்குள் புகுந்துவிட்டான் என்று நினைத்துத்தான் வரும். இரை தேடும் நேரத்தையும் குஞ்சைக் காக்கும் நேரத்தையும் இல்லாத ஒரு எதிரியோடு சண்டையிட்டுக் கழிக்கும், திறந்த வெளியில் வேட்டைப் பறவைக்கும் தெரியும்படி நிற்கும். உங்களைப் போல நாளுக்குப் பத்துப் பேர் போட்டால் என்ன ஆகும்?

கூடும் அப்படித்தான். நீங்கள் நிற்கும்வரை தாய் திரும்பாது, முட்டை குளிர்ந்தோ வெயிலில் காய்ந்தோ போகும். நீங்கள் அடிக்கடி எட்டிப்பார்க்கும் புதரைக் காக்கையும் கவனித்துக்கொண்டிருக்கும். படம் தெளிவாக வர வேண்டுமென்று மறைக்கும் கிளையை ஒடிப்பதைவிட மோசமான வேலை இதில் இல்லை. தூரத்தில் ஓரிடத்தில் இருந்து பைனாகுலரில் பாருங்கள், அலகில் இரையோடு வந்த பறவை கூட்டுக்குப் போகாமல் பக்கத்துக் கிளையில் தயங்கினாலோ உங்களைப் பார்த்துக் கத்தினாலோ நீங்கள் இன்னும் கிட்டத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். தரையில் இறகு முளைத்த குஞ்சு தத்திக்கொண்டிருந்தால் தூக்கிக்கொண்டு வராதீர்கள், பறக்கப் பழகும் குஞ்சுகள் அப்படித்தான் இருக்கும், பெற்றோர் பக்கத்திலேயே இருந்து ஊட்டும். இறகே முளைக்காத குஞ்சு என்றால் மெதுவாகக் கூட்டில் எடுத்து வைக்கலாம், மனிதன் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் கதை.

வெட்டவெளியில் நடக்கும்போது ஆட்காட்டிக் குருவி உங்கள் தலைக்கு மேலே சுற்றிக் கத்தினால் காலடியைப் பார்த்து வைத்து, வந்த வழியே திரும்புங்கள். கூழாங்கல் நிறத்தில் அதன் முட்டைகள் தரையிலேயே கிடக்கும், மிதித்த பிறகுதான் தெரியும்.