ஆறாவதிலிருந்து தனியார் பள்ளி: காசுக்குத் தகுமா?
மகளை ஆறாவதில் தனியார் பள்ளிக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டணத்தோடு, கைவிட்டுப் போவதையும் கணக்கில் வையுங்கள். தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது; மறு வருடமே பொறியியலுக்கும். அப்படி அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வேறு.

என் அக்கா மகனுக்குக் கட்டணம் போக வேன், சீருடை, இரண்டு ஜோடி ஷூ. அதற்குமேல் மாலையில் ட்யூஷன்! "பள்ளிக்கூடத்துக்கு எதுக்குடா கட்டினோம்" என்று அவளே புலம்புகிறாள்.

ஆனால் உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார் இடம் காலியாகக் கிடந்தால், நானும் தனியாருக்குத்தான் போவேன். ஒருநாள் நேரில் போய், பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மை இருக்கிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா பாருங்கள்.