பழைய வீணையைச் சீராக்குவது: கேள்வி பதில்

பாட்டியின் தஞ்சாவூர் வீணை பரணில் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிக்கலாமா, ஐயா?

அவசரப்படாதீர்கள் அம்மா, பூச்சு கடைசி வேலை. முதலில் ஏழு தந்திகளையும் தளர்த்திவிட்டு, குடமும் (உருண்டையான அடிப்பகுதி) தண்டியும் (நீண்ட கழுத்துப் பகுதி) சேரும் இடத்தைப் பாருங்கள். ஒரே பலாக்கட்டையில் குடைந்த ஏகாண்ட வீணையானால் கவலை குறைவு. ஒட்டு வீணையில் அந்த இணைப்புதான் முதலில் விடும். குடத்தின் மேல்பலகையில் கனமான வார்னிஷ் ஏறினால் நாதம் அமுங்கிப்போகும். மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் பழைய பூச்சு அரக்கு பாலிஷ். அதன்மேல் மெல்லிய அரக்கு பாலிஷே போதும்.

இணைப்பு விட்டிருக்கிறது. ஃபெவிகால் போடலாமா?

வேண்டாம். வச்சிரப் பசையே (விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பசை) போடுங்கள். அதைச் சூடுகாட்டிப் பிரிக்கலாம், நாளை இன்னொருவர் கைவைக்க வழி இருக்கும்.

மெழுகு உருகி மெட்டுகள் (தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகக் கம்பிகள்) சரிந்துவிட்டன. எம்-சீல் வைத்து ஒட்டிவிடலாமா?

தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். தேன்மெழுகு, குங்கிலியம், கரி சேர்த்துக் காய்ச்சிய அந்தக் கறுப்பு மெழுகில் 24 மெட்டுகளையும் பதிப்பது காரணத்தோடுதான். குதிரை (தந்திகளைத் தாங்கும் பாலம்) மயிரிழை நகர்ந்தாலும், தந்தியின் கனம் மாறினாலும் சுரஸ்தானம் (சுரம் சரியாக ஒலிக்கும் இடம்) தள்ளிப்போகும். மெழுகு என்றால் இளக்கி மெட்டை நகர்த்திக்கொள்ளலாம். எம்-சீல் இறுகினால் பிழையான சுருதியும் அதோடு இறுகிவிடும். குதிரையைச் சரிசெய்து, புதுத் தந்தி கட்டி, சுருதி நிலைத்த பிறகே மேளம் கட்ட வேண்டும், அதாவது மெட்டுகளைச் சுருதி பார்த்து மெழுகில் பதிக்க வேண்டும். வரிசை மாறினால் செலவு இரட்டிப்பு. இதற்குத் தேர்ந்த காது வேண்டும். வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள், நல்ல கைவினைஞரிடமே கொடுங்கள். வீட்டுக்கு வந்தபின் வெயில் படும் ஜன்னலோரத்திலும் காருக்குள்ளும் வைக்காதீர்கள்.

பிரடை (தந்தியை முறுக்கும் முளை) நிற்காமல் வழுக்குகிறது.

சாக்கட்டித் தூள் தடவிப் பாருங்கள் தம்பி. துளையே தேய்ந்திருந்தால் புதுப் பிரடை கடைந்துதான் ஆக வேண்டும்.

குடத்தின் ஓரத்தில் வெள்ளைப் பட்டை இருக்கிறது. தந்தமா? விற்றால் காசு வருமா?

பழைய வீணைகளில் தந்தம் உண்டு, எலும்பும் உண்டு. நீங்கள் அனுப்பிய படத்தை வைத்துச் சொல்ல முடியாது. தந்தமானால் அதை வாங்குவதும் விற்பதும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பெயர்க்காமல், உலர்ந்த துணியால் துடைத்து அப்படியே விடுங்கள்.

வீணைக் கட்டையில் உள்ள சிறு துளையிலிருந்து மாவு மாதிரித் தூள் கொட்டுகிறது.

உள்ளே பூச்சி உயிரோடு இருக்கலாம். மற்ற வாத்தியங்களிடமிருந்து இன்றே தள்ளி வையுங்கள். மருந்து வைத்து, தூள் நின்ற பிறகே துளையை அடைக்க வேண்டும்.