முற்றத்துப் படியில் குதிகால் இழுக்கிறது

கேள்வி: கணுக்கால் முறிந்து, தகடு வைத்து மூன்று மாதங்கள் ஆகின்றன. எலும்பு கூடிவிட்டது, ஊன்றி நடக்கலாம் என்றார் மருத்துவர். முற்றத்துப் படி இறங்கும்போது குதிகால் இழுக்கிறது, மாலையில் வீங்குகிறது.
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: கலங்காதீர்கள் ஆச்சி. இறங்கும்போது மேற்படியில் ஊன்றிய கால்தான் கணுக்காலில் நன்றாக மடங்க வேண்டும். வாரக்கணக்கில் அசையாமல் கிடந்த மூட்டு மடங்க மறுக்கிறது. குதிகால் முன்னதாகவே கிளம்பிவிடுகிறது. காலை நீட்டி உட்கார்ந்து, துண்டை முன்பாதத்தில் மாட்டி உங்கள் பக்கம் இழுத்து 30 விநாடி நிறுத்துங்கள். பிறகு தேக்குத் தூணைப் பிடித்தபடி இரு குதிகால்களையும் உயர்த்தி, மெதுவாக, மிக மெதுவாக இறக்குங்கள். மூட்டு நன்றாக மடங்கும் வரை, படியில் இறங்க அடிபட்ட கால் முதலில், ஏற நல்ல கால் முதலில். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஈரம் இருந்தால் நடக்கவே வேண்டாம். மாலை வீக்கம் சில மாதங்கள் இருக்கும். தலையணை மேல் காலை உயர்த்துங்கள். கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.